இரண்டு டம்ளர் எடை

ஜன்னல் திட்டில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மூடியையும் திருகி உடைக்கிறார். உடைத்த மூடியை எடுத்துவிடுவதில்லை. பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்படி லேசாகத் திரும்ப வைக்கிறார். ஈ விழக் கூடாது. பிள்ளைகளின் விரல் பட்டதும் கழன்று வந்துவிடவும் வேண்டும். மல்யுத்தக் கூடத்தில் எடை பார்க்கிற நாளென்றால் அவரை இந்த வேலையில்தான் பார்க்கலாம். "ஏங்க, அதுங்களே திறந்துக்காதா?" என்று முதல் தடவை பார்த்தபோது கேட்டேன். "கையில பிடி இருக்காது சார். நேத்து சாயங்காலத்துலேருந்து தொண்டையில சொட்டு இறங்கலை. மூடியைப் பல்லால கடிச்சுக்கிட்டு நிக்கும்ங்க, பாக்க முடியாது" என்றார்.

பிள்ளைகள் அவரைத் தராசு மாமா என்கிறார்கள். சம்பளம் தருகிறவர்கள் அவரைத் துப்புரவுப் பணியாளர் என்கிறார்கள். இரண்டும் சரிதான். கூடத்தின் மெத்தை விரிப்புகளை மருந்து நீர் விட்டுத் துடைப்பார், உதிர்ந்து கிடக்கும் ஹேர்பின்களைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார், அதன் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். தொப்பை முன்னால் போகும், குச்சிக் கால்கள் பின்னால் வரும். இடுப்பில் சாவிக்கொத்து. இதற்கு முன்னால் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாராம். "மூட்டை பரவாயில்ல சார், அதுக்குத் தாகம் எடுக்காது" என்பார்.

அவரை எனக்குப் பழக்கப்படுத்தி வைத்தது என் முழங்கால். அந்த விளையாட்டு வளாகத்தில் கூடத்துக்கு நேர் எதிரே பிசியோதெரபி அறை. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கு, இறக்கு, தூக்கு என்று என்னை விட்டுவிட்டுச் சிகிச்சை தரும் பெண் போனில் பேசப் போய்விடுவாள். எனக்கு வேடிக்கை பார்க்க எதிர் ஜன்னல்தான் கதி. வேடிக்கை என்று சொல்லியிருக்கக் கூடாது. முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

மனிதருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கண்ணில் பட்டதற்கெல்லாம் எடை சொல்லுவார். வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, "பதினாலு கிலோ. மழையில நனைஞ்சா பதினஞ்சு" என்பார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார் எழுபத்தெட்டு. செருப்பைக் கழட்டிட்டா எழுபத்தேழே கால்" என்றார். பிசியோதெரபி அறைத் தராசில் ஏறிப் பார்த்தேன். அந்தக் கால் கிலோ உட்பட சரியாக இருந்ததில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. டிபன் கேரியரோடு ஒருநாள் வந்த அவர் மனைவி, "ஊர்ல உள்ளவங்க எடையெல்லாம் சொல்லுவாரு, என் எடையை மட்டும் கேட்டா கூசாம பத்து கிலோ குறைச்சுச் சொல்லுவாரு" என்றார். "உசுர் மேல ஆசை இருக்குல்ல" என்றார் இவர். இப்போதெல்லாம் எதற்கும் எடை சொல்வதில்லை. நாய் அதே வாசலில்தான் படுத்திருக்கிறது.

மல்யுத்தம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை வயதோடு எடையையும் பார்த்துத்தான் பிரித்து மோதவிடுவார்கள். முப்பத்தாறு கிலோப் பிள்ளையை எப்படியாவது முப்பத்து மூன்றுக்கு இறக்கிவிட்டால், எதிரே நிற்பது நோஞ்சானாக இருக்கும், பதக்கம் வரும். எப்படியாவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் பிளாஸ்டிக் மழைக்கோட்டு, உச்சி வெயிலில் ஓட்டம். சூயிங் கம் மென்று மென்று கப்பில் எச்சில் துப்பவேண்டும், எச்சிலும் எடைதானே. தண்ணீர் கிடையாது. நான் சொல்வது பெரியவர்களை அல்ல. பால்பல் விழுந்து இன்னும் முழுதாக முளைக்காத பிள்ளைகளை.

பயிற்சி தரும் மாஸ்டரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இருந்திருந்தால் விஷயம் சுலபம். எல்லாப் பிள்ளைகளையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அடிபட்டால் தானே தூக்கிக்கொண்டு ஓடுவார். கோப்பைகள் நிறைந்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, "நாங்கல்லாம் இப்படித்தான் வந்தோம், செத்தா போயிட்டோம்?" என்று அவர் கேட்கும்போது பெற்றோர்கள் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுவார்கள். பிள்ளையை ஈன்றவர்களே தலையாட்டும்போது மற்றவர்கள் என்ன செய்ய?

மற்றவர்களில் ஒருவர் ஏதோ செய்யப் பார்த்தார். தராசுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய போஸ்டர் உண்டு. பல் தெரியச் சிரிக்கும் ஒரு பிள்ளை, 'குழந்தைகளின் பாதுகாப்பே எங்கள் முதல் வெற்றி' என்ற வாசகம், கீழே புகார் சொல்ல ஒரு போன் நம்பர். மாநிலச் சங்கத்திலிருந்து ஆள் வந்து ஒருநாள் வகுப்பு எடுத்துவிட்டு ஒட்டிவிட்டுப் போனது. ஒரு சிறுமி ஓடிக்கொண்டிருந்தபடியே வாந்தி எடுத்த நாளில், நம்ம ஆள் அந்த நம்பருக்குப் போன் போட்டார். அடுத்த அறையில் மணி அடித்தது. உள்ளூர்ச் சங்கச் செயலாளர் எடுத்தார். செயலாளர் மாஸ்டருக்கு மச்சான். "என்னய்யா, இங்க இருந்துக்கிட்டே எனக்குப் போனா? உள்ள வா" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, "தரை துடைக்கிறவன் தரையைப் பாரு, பிள்ளைங்களைப் பாக்க நாங்க இருக்கோம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தார். "நல்லா வர்ற நேரத்துல அபசகுனமா பேசாதீங்க" என்றார் ஒரு லாரி மெக்கானிக்.

அந்த மெக்கானிக்கின் மூத்த மகளுக்குக் கூடத்தில் பட்டாசு என்று பெயர். வாயை மூட மாட்டாள். மெத்தையில் எதிராளியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "விடு, விழுந்துரு, எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்று பேசுகிறவள். தராசில் ஏறினால், "மாமா, நான் மூச்சை வெளிய விட்டுட்டேன், இப்பப் பாருங்க" என்பாள். மூச்சுக்கு எடை இல்லை என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள். அவளுக்கு விளையாட்டு விடுதிப் பள்ளியில் இடம் வாங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் கனவு. மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம், அதன் பின் படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிரீஸ் படிந்த கையை எத்தனை தேய்த்தாலும் வெளுக்காத மனிதர், மகளுக்காவது வெள்ளைக் கை வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

சொல்லிப் பார்த்து எதுவும் நடக்காமல் போனதும் தராசு மாமா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். பழைய காலத்துத் தராசு அது. மேடை, அதிலிருந்து எழும் தூண், மேலே குறுக்குத் தண்டு, அதில் நகரும் எடைக்கல். தண்டின் ஓரத்தில், வெறும் மேடையில் தண்டு சமமாக நிற்பதற்காக ஒரு சின்னத் திருகு இருக்கும். யாரும் கவனிக்காத அந்தத் திருகை அவர் கொஞ்சம் நகர்த்தினார். அவ்வளவுதான். அன்று முதல் ஏறுகிற பிள்ளைகள் எல்லோரும் அரை கிலோ குறைவாக நின்றார்கள்.

"அரை கிலோன்னா என்ன சார்? ரெண்டு டம்ளர் தண்ணி" என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு டம்ளர் தண்ணி குடுத்தேன். வேற எப்படிக் குடுக்கிறது?" தெரிந்தே செய்தேன் என்று சொல்கிற குரல் அது.

வெளியூர்ப் போட்டி வரும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருப்பார். பல நாட்களுக்கு முன்பே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பிள்ளைகளின் எடை சிறிது சிறிதாக ஏறினால் யாருக்கும் சந்தேகம் வராது, திடீரென்று பட்டினி போடவும் மாட்டார்கள். உள்ளூர்ப் போட்டி என்றால் கவலையே இல்லை. எடை பார்ப்பதும் இதே தராசில்தான். மாநிலப் போட்டியும் அந்தத் தடவை இதே கூடத்தில்தான் என்று அறிவித்திருந்தார்கள். அதனால் திருகை அப்படியே விட்டுவிட்டார்.

கூடத்தின் கூரை ஒழுகியது. போட்டியைக் கடைசி நேரத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எலெக்ட்ரானிக் தராசு. விஷயம் காதில் விழுந்ததும் இவர் ஓடிப்போய்த் திருகை ஒரேயடியாகப் பழைய இடத்துக்குத் திருப்பினார். மறுநாள் எடை பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் அரை கிலோ கூடியிருந்தார்கள். மாஸ்டர் தராசைச் சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் ஒரு சிறுவனின் பிறந்தநாளுக்கு அவன் அம்மா கூடத்துக்கே கேக் கொண்டுவந்திருந்தார். பழி கேக்கின் தலையில் விழுந்தது. மற்ற பிள்ளைகளுக்கு எடை வரம்புக்குக் கீழே ஆளாளுக்குக் கொஞ்சம் இடைவெளி இருந்தது, தப்பித்தார்கள். விளிம்பில் நின்றவள் பட்டாசு மட்டும்தான்.

"நான் திங்கலை மாஸ்டர். தங்கச்சிக்குப் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுப் போனேன்" என்றாள்.

"பொய் சொல்லக் கூடாது கண்ணு. தராசு பொய் சொல்லுமா?" என்றார் மாஸ்டர்.

தராசுக்கு அந்தப் பக்கம் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு இது கேட்டது. பெண்ணின் அப்பா எல்லார் முன்னிலையிலும் அவளை அறைந்ததும் கேட்டது. நான் எதிர் அறையில் காலைத் தூக்கியபடி படுத்திருந்தேன். அந்தப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அழாமல், "மாமா, நீங்க சொல்லுங்க, நான் வாங்கிப் பையிலதானே வச்சேன்?" என்று இவரைப் பார்த்துக் கேட்டது எனக்கே கேட்டது. "ஆமா, பையில வச்சதை நான் பாத்தேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் மாஸ்டரின் அறை வாசல் வரை போனாராம். "சொல்லிட்டா தராசைத் தூக்கிடுவாங்க. அப்புறம் எந்தப் பிள்ளைக்கும் அந்த ரெண்டு டம்ளர் கிடையாது. இவளுக்கு அரை கிலோதானே, ஒரு ஓட்டத்துல கரைஞ்சிடும்னு கணக்குப் போட்டேன் சார். பார்சல் ஆபீஸ் புத்தி. எடையை மட்டும் பாத்தேன், அது யாரு மேலேருந்து குறையுதுன்னு பாக்கலை." திரும்பி வந்து மெத்தையைத் துடைத்திருக்கிறார்.

போட்டி நடந்த ஊரில், மைதானத்துக்கு வெளியே வெயிலில் நின்ற காருக்குள் பட்டாசை உட்கார வைத்தார்கள். இரண்டு ஸ்வெட்டர், மேலே மஞ்சள் மழைக்கோட்டு, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. அப்பா ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் உள்ளேயிருந்து பேச்சு கேட்டுக்கொண்டிருந்ததாம். பிறகு நின்றுவிட்டது. பட்டாசு பேச்சை நிறுத்திவிட்டாள் என்றால் ஏதோ சரியில்லை என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகங்கள் சரியாகப் பிழைக்கவில்லை.

விசாரணைக் குழு வந்தது. தராசு மாமா யாரும் கூப்பிடாமலே போய் எல்லாவற்றையும் சொன்னார். ஏன் திருகினார், அதற்கு முன்னால் யாரிடமெல்லாம் சொன்னார், மழைக்கோட்டு, எச்சில் கப், வாந்தி எடுத்த சிறுமி, அடுத்த அறையில் அடித்த மணி, ஒன்றையும் விடவில்லை. குழுவுக்கு அவர் சொன்னதில் முதல் வரியே போதுமானதாக இருந்தது. எடைக் கருவியில் பணியாளர் செய்த முறைகேட்டால் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று முடித்தார்கள். பரிகாரமாகப் புது எலெக்ட்ரானிக் தராசு வந்தது. அதற்கு ஒரு சின்ன விழா. மாஸ்டர் ரிப்பன் வெட்டினார், பெற்றோர்கள் கை தட்டினார்கள். பழைய தராசு இருந்த இடத்துக்கு மேலே அந்தப் போஸ்டர் பிள்ளை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டி வலியோடு எழுந்து போய் ஒரு அப்பாவிடம், "மழைக்கோட்டு அப்படியே இருக்கே, அதைக் கேட்டீங்களா?" என்றேன். "சார், உங்க பிள்ளை இங்க விளையாடுதா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

போலீசுக்கும் போய்ப் பார்த்தார் மனிதர். "திருகைத் திருப்பினது யாருன்னாங்க. நான்தான்னேன். அப்ப நீ உக்காருன்னாங்க." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம். பெண்ணின் அப்பா புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டவரிடம், "மாஸ்டர் வேணும்னா செஞ்சாரு? நீங்களும் வேணும்னா செய்யலை. என் தலையெழுத்து, விடுங்க" என்றாராம். பெண்ணின் அம்மா மட்டும் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. "அந்தம்மா வந்து நாலு கேட்டிருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன் சார்" என்கிறார்.

சங்கம் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. பெருந்தன்மையாம். வெளியே அனுப்பினால் ஊரெல்லாம் கத்துவார் என்ற பயம் என்பது அவருக்கும் தெரியும். தராசைத் தொடக் கூடாது, துடைக்கலாம், தண்ணீர் பாட்டில் எடுத்து வைக்கலாம். "விட்டுட்டு வாங்களேன், வேற வேலையா கிடைக்காது?" என்று அவர் மனைவி என் எதிரிலேயே கேட்டார். "போயிடலாம். மூடியை யாரு திறந்து வைப்பா?" என்றார் இவர். அந்த அம்மா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை பெரிய கூடத்தில், இத்தனை கோப்பைகளுக்கு நடுவில், பிள்ளைகளுக்கென்று மிச்சமிருக்கும் பாதுகாப்பு ஒரு பாட்டில் மூடி.

என் முழங்கால் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. கடைசி முறையாகப் போயிருந்த சாயங்காலம், எதிர்க் கூடத்தில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடைபெற்றுக்கொள்ளலாம் என்று போனேன். பாட்டில்கள் திட்டில் வரிசையாக நின்றன. சிவப்பு எண்கள் மின்னும் புதுத் தராசில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். தராசு மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். எடையைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே பார்ப்பதில்லை.

மெக்கானிக் வந்திருந்தார். சின்ன மகளைச் சேர்த்துவிட்டாராம். அக்கா யாருக்காகக் கேக்கைப் பேப்பரில் மடித்து வைத்தாளோ, அந்தத் தங்கச்சி. மஞ்சள் மழைக்கோட்டு அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கைகளை நாலு மடிப்பு மடித்து விட்டிருந்தார்கள். "வளந்துடுவா" என்றார் மெக்கானிக் என்னிடம், நான் கேட்காமலே.

பெஞ்சில் பட்டாசு உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. மடியில் ஒரு சின்ன பாட்டில், அதன் மேல் பேனாவால் ஒரு கோடு. நாள் முழுக்க அதுவரைதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாட்டில் காலியாக இருந்தது. தங்கச்சி தராசில் ஏறியபோது மட்டும், "மூச்சை வெளிய விட்டுடுடி" என்றாள். வேறெதுவும் பேசவில்லை.

எடை பார்த்து முடித்த பிள்ளைகள் திட்டுக்கு ஓடிவந்து பாட்டில்களை அள்ளினார்கள். மூடிகள் விரல் பட்டதும் கழன்றன. கூடம் முழுக்க மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். பட்டாசும் எழுந்து திட்டருகே வந்து நின்றாள். சும்மா பார்க்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். எப்போதும் அங்கே வந்து நின்றவள்தானே. தராசு மாமா திரும்பினார். பெட்டியிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகி உடைத்தார், லேசாகத் திரும்ப வைத்து அவளிடம் நீட்டினார். கை தானாகச் செய்த வேலை.

"வேணாம் மாமா," என்றாள் அவள். "எனக்கு இன்னிக்கு அளவு முடிஞ்சுபோச்சு."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூடியை இறுக்கத் தொடங்கினார். மூடி இறுகிவிட்டது. அதற்கு மேல் திரும்ப இடமில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக்கொண்டே இருந்தார்.